மிச்ச மாட்டை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம்

யுத்த காலத்தில் நம்மை ஆண்டவர்களுக்கு மனிதர்களைப் பற்றிய கவலை ஒருவழியாகத் தீர்ந்துபோய், மாடுகளைப் பற்றிய கவலை பிறந்தது. பர்மா அரிசி நின்றுவிட்டது. மயிலாப்பூர்க்காரர்கள் ரேஷன் கடை வாசலில் புழுத்த அரிசிக்கு வரிசையில் நின்று பழகிவிட்டார்கள், வாயைத் திறக்கவில்லை. மாடுகளுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. புண்ணாக்கு இல்லையென்றதும் பாலைக் குறைத்துவிட்டன. பால் இல்லையென்றால் காப்பி இல்லை, காப்பி இல்லையென்றால் சர்க்கார் காரியாலயங்களில் வேலை நடக்காது என்று யாரோ மேலிடத்தில் பயமுறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. காப்பி குடித்த நாளில் மட்டும் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை. உடனே ஒரு குழுவைப் போட்டார்கள்.

மாகாண மாற்றுத் தீவன ஆராய்ச்சி ஆலோசனைக் குழு என்று அதற்குப் பெயர். அடையாற்றில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய பங்களா, சுற்றிலும் புல் தரை, கேட்டில் ஒரு பலகை. 'மாடுகள் உள்ளே வரக் கூடாது' என்று பலகையில் எழுதியிருந்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டு பாஷையிலும் எழுதியிருந்தது.

குழுவின் தலைவர் ராவ் பகதூர் சந்திரமௌலி, ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜ். மாட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கோதாவரி ஜில்லாவில் இருந்தபோது ஒரு மாட்டுத் திருட்டு வழக்கை விசாரித்திருக்கிறார். குழுவின் விஞ்ஞானி டாக்டர் சங்கரன். சீமைக்குப் போய்க் கல்லீரலைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். கல்லீரலைத்தான் படித்தாரே ஒழிய, அதைச் சுற்றி ஒரு மாடு இருக்கும் என்பதை அவருக்கு அங்கே யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவர்கள் இருவரும் கண்டுபிடித்த மாற்றுத் தீவனம் உண்ணிச்செடி. ஆற்றங்கரையிலும் வேலியோரத்திலும் சுடுகாட்டு மதிலிலும் ஆரஞ்சும் ரோஜாவுமாகப் பூத்துக் கிடக்குமே, இலையைக் கசக்கினால் மூக்கைச் சுளிக்க வைக்குமே, அதேதான். குழுவின் தொடக்க விழாவுக்கு என் எஜமான் போயிருந்தார். அவர் லஸ்ஸில் வக்கீல். நான் அவருக்குக் குமாஸ்தா. அவருடைய குடையையும் அங்கவஸ்திரத்தையும் பிடித்துக்கொண்டு நானும் கடைசி வரிசையில் நின்றேன். அதனால் ராவ் பகதூரின் பிரசங்கத்தை என் காதாலேயே கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

"கனவான்களே! இந்தச் செடியை ஆடு தின்னாது, மாடு தின்னாது, கழுதைகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் என்று சில அவநம்பிக்கைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: அவை தின்றிருந்தால் இன்றைக்கு நம்மிடம் இவ்வளவு கையிருப்பு இருந்திருக்குமா?"

பிரமாதமான கைதட்டல். என் எஜமான்கூடத் தட்டினார். அடுத்து டாக்டர் சங்கரன் எழுந்தார்.

"இந்த இலையில் சில விசேஷமான ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. இவை நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. அங்கே போய் என்ன செய்கின்றன என்பது மிக மிகச் சுவாரஸ்யமான விஷயம். ஆனால் எந்த மாடும் இதைத் தானாகத் தின்னாத காரணத்தால், இதுவரை பெரிய அளவில் பார்க்க முடியாமல் போய்விட்டது. அந்தக் குறையை யுத்தம் தீர்த்து வைத்திருக்கிறது."

அதற்கும் தட்டினார்கள்.

மறுவாரமே உத்தரவு வந்தது. புண்ணாக்கு வேண்டுமென்கிற மாட்டுக்காரன் ஒவ்வொருவனும் கூடவே ஒரு மூட்டை இலைப் பொடியும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதை மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். மாம்பலத்துக் கொட்டில்காரர்களும் மயிலாப்பூர்க் கொட்டில்காரர்களும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் பக்கிங்ஹாம் கால்வாயில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். சாக்குக்கு நல்ல கிராக்கி இருந்த காலம் அது.

ஒருவன் மட்டும் கொட்டவில்லை. அவன்தான் மந்தைவெளி வெள்ளைத்துரை.

அவன் அப்பன் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவன். அந்த பக்தியில் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். பிள்ளையோ அட்டைக் கறுப்பு. சொத்து என்று அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பசு, பட்டு. கறுப்பும் வெள்ளையுமாக, தடவினால் கை வழுக்குகிற மேனி. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் ஊற்றிக் கொண்டுவந்த பாலை எவரும் வாங்க மாட்டார்கள். மாடு வாசலுக்கு வர வேண்டும், வீட்டு அம்மாள் கொடுக்கிற செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், அவள் பார்க்கப் பார்க்கக் கறக்க வேண்டும். பட்டு தினம் விடியற்காலையில் எங்கள் தெருவில் வீடு வீடாக நிற்பாள். என் வீட்டு வாசலில் நின்றுவிட்டு எதிர்ச் சிறகுக்குப் போவாள். எதிரே மாடி வீடு ராவ் பகதூர் சந்திரமௌலியினுடையது.

ராவ் பகதூர் அந்தப் பசுவைப் பார்த்ததே கிடையாது. பால் அவருக்கு வெள்ளி டம்ளரில் மாடிக்குப் போகும். கீழே வாசலில் நின்று கறவையைக் கண்கொட்டாமல் பார்ப்பது அவருடைய சம்சாரம் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

வெள்ளைத்துரை இலைப் பொடியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் சண்டை போட்டாள். அவன்தான் எனக்குச் சொன்னான்.

"ஊருல அல்லாரும் கால்வாயில கொட்டிட்டு கம்முனு கீறாங்கோ. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?"

"தப்புடீ. மாட்டுக்கோசரம் குட்த்தத தண்ணில கொட்டுனா அது திருட்டுத்தனம் இல்ல? படிச்சவங்கோ சும்மாவா சொல்லுவாங்கோ?"

படிச்சவங்கோ! இந்த ஒரு வார்த்தையால் இந்த ஊரில் எத்தனை குடி கெட்டிருக்கிறது!

பட்டு பொடியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்லத் தண்ணீரில் கரைத்து வைத்தான். தொட்டியை முட்டிக் கவிழ்த்தாள். புண்ணாக்கு கொடுக்கிற இடத்தில் போய் முறையிட்டான். மூங்கில் குழாயால் வாயில் ஊற்றும்படி சொல்லி அனுப்பினார்கள். ஊற்றினான். அவள் தலையை ஆட்ட ஆட்ட, இசக்கியம்மாள் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டத் திட்ட, அவன் அழுதுகொண்டே ஊற்றினான். சர்க்கார் சொன்னதைச் சர்க்கார் சொன்னபடியே செய்த ஒரே பிரஜை இந்தப் பட்டணத்தில் அவன்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

நாலைந்து நாளில் பட்டு வைக்கோலைத் தொடுவதை விட்டாள். சாணம் கல்லாக இறுகியது. மூத்திரம் கறுத்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. பிறகு ஒரு விநோதம். வெயிலில் நின்றால் துடிக்க ஆரம்பித்தாள். மேனியில் கறுப்பு இருந்த இடம் எப்போதும்போல இருந்தது. வெள்ளை இருந்த இடமெல்லாம் சிவந்து, வெடித்து, தோல் பட்டை பட்டையாக உரிந்தது. மூக்கு நுனி புண்ணாயிற்று. கொட்டிலின் இருட்டு மூலையைத் தேடி அங்கேயே தலையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பால் வற்றிப்போய் ஒரு செம்பு கறந்தாலே அதிகம் என்றாயிற்று. வெள்ளைத்துரை என் வீடு முதலாக எல்லா வீட்டுக்கும் கையை விரித்துவிட்டான். ஆனால் ராவ் பகதூர் வீட்டுக்கு மட்டும் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால், பட்டுவின் மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போர்த்தி, மேலே தாழங்குடையும் பிடித்துக்கொண்டு நடத்தி வருவான். பெரிய மனிதர் வீடு அல்லவா? அந்த நாட்களில் பட்டுவின் மடியிலிருந்து வந்த பால் அத்தனையும், ஒரு துளி சிந்தாமல், குழுத் தலைவரின் வயிற்றுக்கே போயிற்று.

"சாமி, அட்யார் ஆபீசுக்கு என்கூட வரணும். அங்க அல்லாம் இங்கிலீசு. எனக்கு பேஜாரா கீது" என்று வெள்ளைத்துரை என் காலைப் பிடித்தான். எனக்கு அந்தப் பங்களாமேல் ஏற்கெனவே எரிச்சல். கிளம்பினேன்.

பலகையைப் பார்த்த பிறகு பட்டுவை வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் கட்டினோம். டாக்டர் சங்கரன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்துரை சொன்னதையெல்லாம் அவர் மிகுந்த சந்தோஷத்தோடு கேட்டார்.

"கண் மஞ்சளா? ரொம்ப நல்லது! தீவனம் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு எந்த மாட்டிலும் இப்படிச் சேரவில்லை."

"தோலு உரியுது சாமி."

"உரியத்தான் வேண்டும். இதோ பாரப்பா, கல்லீரல் என்பது ஒரு காரியாலயம் மாதிரி. உள்ளே வருவதையெல்லாம் அது பரிசீலனை செய்து, வேண்டாததைப் பித்தத்தோடு வெளியே அனுப்ப வேண்டும். இந்த இலையிலுள்ள பொருள் அந்தக் காரியாலயத்தில் வேலையை நிறுத்திவிடுகிறது. வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கிவிடுகிறது. பச்சைத் தீனியிலிருந்து வருகிற ஒரு சாயப்பொருளும் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தாயா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

"அப்படியானால் இலையை நிறுத்தச் சொல்லிவிடலாமே?" என்றேன்.

"நிறுத்துவதா? சோதனை பாதியில் கெட்டுவிடும். நிறுத்தினால் புண்ணாக்கும் நின்றுவிடும். அது விதி."

"மருந்தாவது குட்ங்க சாமி" என்றான் வெள்ளைத்துரை.

"கல்லீரல் கெட்டிருக்கிறது என்று நிச்சயமானால்தானே மருந்து? அதை நிச்சயம் செய்யக் கல்லீரலைப் பார்க்க வேண்டும். கொண்டுவந்தால் உடனே பார்த்துச் சொல்லிவிடுவேன்."

"கொண்ணாந்துக்கீறேன் சாமி. வெளிய மரத்தாண்ட கட்டி வெச்சிக்கீறேன்."

"மாட்டை அல்லப்பா. கல்லீரலை."

"அது மாட்டுக்குள்ளாற தான சாமி கீது?"

"அதுதான் கஷ்டம்" என்றார் டாக்டர் சங்கரன், மெய்யாகவே வருத்தப்பட்டு. "மாடுகளை வைத்துக்கொள்ள இங்கே இடமில்லை. கல்லீரலுக்கு ஜாடி இருக்கிறது."

வெளியே வந்தோம். மரத்தின் நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. பட்டு கயிற்றின் நீளம் முழுக்க இழுத்துக்கொண்டு, மிச்சமிருந்த நிழலில் தலையை மட்டும் நுழைத்து நின்றாள். வெள்ளைத்துரை தன் சட்டையைக் கழற்றி அவள் முதுகில் போட்டான்.

இதற்குள் குழு வேறொரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தது. பட்டணத்து மாடுகளையெல்லாம் கணக்கெடுத்தார்கள். இலைப் பொடி வாங்கிய மாடுகள் அத்தனையும் கொழுகொழுவென்று இருந்தன. கொட்டில்காரர்கள் ஒரே குரலில், "எலதான் சாமி காரணம், இன்னும் ரெண்டு மூட்ட குட்ங்க" என்று சாட்சி சொன்னார்கள். சாக்குக்காகச் சொன்னார்கள். குழுவுக்கு இது எப்படித் தெரியும்? இலை மகத்தான வெற்றி என்று ஏற்பட்டுவிட்டது. ஒரே ஒரு பசு மாத்திரம் செத்துக்கொண்டிருக்கிறது என்றால் தப்பு யார் மேல்? வெள்ளைத்துரையை விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

நானும் போனேன். ராவ் பகதூர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஜட்ஜாக இருந்த வாசனை போகவில்லை.

"மற்ற எல்லோருடைய மாடும் செழிப்பாக இருக்கிறது. உன்னுடையது மட்டும் நோயில் விழுந்திருக்கிறது. உண்மையைச் சொல். குழு கொடுத்த இலையைத் தவிர வேறு என்ன போட்டாய்?"

"வேற ஒண்ணும் போடல சாமி. எலதான் போட்டேன். மத்தவங்கோதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். கூட இருக்கிறவர்களைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

"பார்த்தீர்களா, திருடன் தயங்குகிறான்!" என்றார் ராவ் பகதூர். "பிறரைப் போல இவனும் ஒழுங்காக நடந்திருந்தால் இவன் மாடும் நன்றாக இருந்திருக்கும்."

இது அட்சரம் அட்சரமாக உண்மை. எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றேன்.

"தலைவர் அவர்களே, ஒரு விஷயம். இந்தப் பசுவின் பால் தினமும் தங்கள் வீட்டுக்கு..."

"ஓய்! உட்காரும்!" மேஜையைத் தட்டினார். "சபையில் சொந்த விஷயம் பேசக் கூடாது. என் வீட்டுக்கும் இந்தச் சபைக்கும் சம்பந்தமே கிடையாது. பொதுக் காரியத்தில் நான் வீட்டை நினைத்ததே இல்லை."

இதற்கும் கைதட்டல். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. கல்லீரலை நேரில் பரிசீலிக்காமல் அபிப்பிராயமோ மருந்தோ சொல்லக் கூடாது. மேற்படி பசுவின் கல்லீரலைக் குழு திங்கட்கிழமை பெற்றுக்கொள்ளும். பெற்றுக்கொண்ட பின் மிச்ச மாட்டை உரிமையாளர் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு போகலாம். கொல்வது என்ற சொல் எங்கேயும் இல்லை. ராவ் பகதூர் மிகவும் ஆசாரமானவர். பசுவதை என்று காதில் விழுந்தாலே ஸ்நானம் செய்கிறவர். அதனால் அந்தச் சொல்லை வெகு ஜாக்கிரதையாக விலக்கியிருந்தார்கள்.

வெள்ளைத்துரைக்கு நான் தமிழில் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"மிச்ச மாடுன்னா... நடக்குமா சாமி?" என்று கேட்டான்.

அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். "இசக்கிகிட்ட இன்னான்னு சொல்றது?" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

திங்கட்கிழமை விடிந்தது. அடையாற்றுக்குப் போகுமுன் வாடிக்கை வீடுகளில் சொல்லிக்கொண்டு போவதுதான் மரியாதை என்று பட்டுவை எங்கள் தெருவுக்குக் கூட்டி வந்தான். ஜமுக்காளம், தாழங்குடை எல்லாம் அப்படியே. பின்னால் இசக்கியம்மாள். நான் என் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டில் சுப்புலக்ஷ்மி அம்மாள் செம்போடு வந்தாள்.

"ஏண்டா வெள்ளைத்துரை, நேத்திக்கு அரைச் செம்புகூட ரொம்பல. இன்னிக்கு இது என்ன கூத்து? பசுவுக்குக் கல்யாணமா, குடையைப் பிடிச்சுண்டு வரே?"

"இன்னியோட சரிம்மா. நாளைலேர்ந்து வேற ஆளு பார்த்துக்கோங்கோ. பட்டுவோட ஈரலு ஐயாவோட ஆபீசுக்கு வோணுமாம். மிச்சத்த எனக்குத் தர்றாங்கோ."

"எந்த ஐயாடா?"

"நம்ம ஐயாதாம்மா. மாடில கீறாரே. அவரு குட்த்த எலதான் துன்னுச்சி. அப்பாலதான் இப்டி ஆய்டுச்சி."

அம்மாள் ஜமுக்காளத்தின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். உரிந்து தொங்கிய தோலைப் பார்த்தாள். குனிந்து பட்டுவின் கண்ணைப் பார்த்தாள். செம்பு கையிலிருந்து நழுவித் தெருவில் உருண்டது.

"ஏன்னா! ஏன்னா! இங்க ஓடி வாங்கோளேன்! இந்தப் பாலைத்தானே ரெண்டு வேளையும் குடிச்சுண்டு இருக்கேள்! கண்ணெல்லாம் பாருங்கோ, மஞ்சளைக் கரைச்சு விட்டாப்பல! ஈஸ்வரா, நேத்திக்கு ரசம் கசக்கறதுன்னு சொன்னேளே!"

ராவ் பகதூர் மேல்துண்டு இல்லாமல் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தாம் தீர்ப்புச் சொன்ன பசுவை நேருக்கு நேர் பார்த்தார். பட்டுவும் அவரைப் பார்த்தாள். அவர் கை தானாகத் தம் வலது விலாவுக்குப் போயிற்று.

என் பக்கம் திரும்பினார். "ஓய், இதைத்தான் சபையில் சொல்ல வந்தீரா?"

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னேன்: "ஆமாம். சொந்த விஷயம் பேசக் கூடாது என்றீர்கள்."

டாக்டர் சங்கரனுக்கு ஆள் ஓடியது. அவர் வருவதற்குள் ராவ் பகதூர் கண்ணாடியில் கண்ணை நாலு தடவை விரித்துப் பார்த்துவிட்டார். மூக்கு நுனி எரிகிறதென்றார். வாசல் வெயிலில் கால் வைக்க மாட்டேனென்று ரேழியின் இருட்டு மூலையில் ஒண்டிக்கொண்டார். நாடியைப் பார்த்த டாக்டர் சங்கரன் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சங்கரன்? என் கல்லீரல் எப்படி இருக்கிறது?"

"பார்க்காமல் எப்படிச் சார் சொல்ல முடியும்?"

"பார்க்காமல் என்றால்?"

"தங்கள் தீர்மானமே அதுதானே, சார்? கல்லீரலை நேரில் பரிசீலிக்காமல் அபிப்பிராயமோ மருந்தோ சொல்லக் கூடாது. தாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இது தவிர, ஒரே இலை பசுவிலும் மனிதரிலும்... விஞ்ஞானத்துக்கு இது மிகப் பெரிய சந்தர்ப்பம், சார்."

வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்த வெள்ளைத்துரைக்கு அந்த அம்மாளை நினைத்து உண்மையிலேயே துக்கமாகப் போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகக் கேட்டான்:

"அப்பால மிச்ச ஐயாவ அம்மா வூட்டுக்கு எட்த்துக்கினு வந்துடலாங்களா சாமி?"

இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ராவ் பகதூர் ஒரு நிமிஷத்தில் மாகாணத்தின் கொள்கையையே மாற்றிவிட்டார். பட்டுவைத் தொடக் கூடாது! இலையை இந்தக் கணமே நிறுத்த வேண்டும்! பசுவும் தானும் ஒரே இலைக்கு ஆளானவர்கள். பசு பிழைத்தால் தானும் பிழைப்பது நிச்சயம். ஆகவே பசுவை எப்பாடுபட்டாவது பிழைக்க வைப்பது சர்க்காரின் கடமை! பெட்ரோல் இல்லாமல் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த மோட்டாரை நாலு பேர் தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். அந்த இருட்டு ஷெட்டில் பட்டுவைக் கட்டினார்கள். பருத்திக்கொட்டையும் தவிடும் கஞ்சியும் வந்தன. புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவ இசக்கியம்மாள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். ராவ் பகதூர் காலையிலும் மாலையிலும் வந்து பட்டுவின் இமையை நீக்கிப் பார்ப்பார். அன்று அவள் எவ்வளவு வைக்கோல் தின்றாளோ, அதைப் பொறுத்துத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பட்டு பிழைத்துவிட்டாள். வாரக்கணக்கில் ஆயிற்று. கண் மெல்ல வெளுத்தது, சாணம் இளகியது, உரிந்த இடத்தில் பூப்போல ரோமம் முளைத்தது. ஒருநாள் காலையில் ஷெட்டிலிருந்து அவள் ஓங்கிக் குரல் கொடுத்தபோது மாடியில் ராவ் பகதூர் இரண்டாம் தடவை காப்பி கேட்டார். அவருக்கு ஒரு காலத்திலும் ஒரு வியாதியும் இருக்கவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

குழு வெட்கப்பட்டதா? அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். அடையாற்றுப் பங்களாவின் புல் தரையில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். கவர்னரின் ஆலோசகர்களில் ஒருவர் வந்தார். டாக்டர் சங்கரன் முடிவுகளை வாசித்தார்: இலைப் பொடியைச் சில நாள் கொடுத்துப் பிறகு நிறுத்தி, நிழலில் கட்டி, பருத்திக்கொட்டை போட்டால், பசு வியக்கத்தக்க முறையில் தேறுகிறது, ஆகவே இலைப் பொடியை மாகாணம் முழுவதற்கும் விஸ்தரிக்கலாம். பருத்திக்கொட்டைக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. சோதனைக்கு முழு மனத்தோடு ஒத்துழைத்த முன்மாதிரி மாட்டுக்காரன் என்று வெள்ளைத்துரையை மேடைக்குக் கூப்பிட்டு, ராவ் பகதூர் தம் கையாலேயே மாலை போட்டார். மாட்டைக் கேட்டுக்கு வெளியே கட்டிவிட்டு வந்திருந்தான், பலகை இருக்கிறதல்லவா?

விழா முடிந்து போகும்போது ஒரு புது மூட்டை இலைப் பொடியும் கொடுத்தார்கள்.

நாங்கள் நடந்தோம். கால்வாய்ப் பாலத்தில் வெள்ளைத்துரை நின்றான். கழுத்து மாலையைக் கழற்றிப் பட்டுவுக்கு நீட்டினான். அவள் சாமந்தியாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றாள். பிறகு மூட்டையை இறக்கி, வாயை அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் கொட்டினான். முடிந்ததும் சாக்கை உதறினான், மடித்தான், மற்றவர்களைப் போலவே கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சாமி, சொன்னபடி கேட்டப்ப என்னத் திருடன்னாங்கோ. இப்ப மால போட்டாங்கோ, நான் திருடனாய்ட்டேன். இன்னா சாமி இது?"

"இனிமேல் உனக்கு ஒரு குறையும் வராது, போ" என்றேன்.

அது அப்படியே பலித்தது. பட்டு தினம் விடியற்காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறாள். எதிர் வீட்டில் இப்போதெல்லாம் செம்பைப் பார்க்க வருவது சுப்புலக்ஷ்மி அம்மாள் அல்ல. ராவ் பகதூரே இறங்கி வருகிறார். பாலைக்கூட அவர் பார்ப்பதில்லை. பட்டுவின் இமையை விரலால் நீக்கி உற்றுப் பார்க்கிறார்.

"இலை தவறாமல் கொடுக்கிறாயா அப்பா?" என்று காதோடு கேட்கிறார்.

"தெனம் குட்க்கறேன் சாமி" என்கிறான் வெள்ளைத்துரை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவன் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பது உறுதியான பிறகுதான், ராவ் பகதூர் நிம்மதியாக மாடிக்குப் போய்ப் பாலைக் குடிக்கிறார்.